சீமைக் கருவேலமும் நிலக் கிரயமும்

ராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வெளிப்புறத்தில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பத்து சென்ட் மனை வாங்கினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் பெரும் பகுதி அதற்குச் சென்றுவிட்டது. சித்திரை மாதத்தில் கிரயம் முடிந்தது. அன்று மனை போரடிக்கும் களம் போலச் சமமாக இருந்தது. செம்மண் பரப்பி, நான்கு மூலைகளிலும் கல் நட்டிருந்தார்கள். ஐப்பசி மழை தொடங்கி மூன்று வாரம் ஆனபின், வாஸ்து பார்ப்பதற்காகக் கொத்தனாரை அழைத்துக்கொண்டு அவர் போனார். செம்மண்ணைப் பிளந்துகொண்டு இருபது, முப்பது இடங்களில் கொத்துக் கொத்தாகப் பசுந்துளிர்கள் நின்றன. ஒரு கொத்தின் அடியில் கடப்பாரையால் குத்திப் பார்த்தபோது, தொடை பருமனுள்ள அடிமரம் ஒன்று அரை அடி மண்ணுக்குள் கிடந்தது. அத்தனையும் சீமைக் கருவேலம்!

விற்றவரிடம் சென்று கேட்டபோது, “ஐயா, நிலத்தை நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்று மரியாதையாகவே பதில் வந்தது. பார்த்தது மெய்தான். ஆனால் அவர் பார்த்தது மேல்மண்ணை மட்டுமே.

இத்தகைய ஏமாற்றம் நம்முடைய வறண்ட மாவட்டங்களில் அபூர்வமன்று. வேலிகாத்தான், சீமைக் கருவை, வேலிக்கருவை என்று ஊருக்கு ஒரு பெயரால் வழங்கும் இம்மரம் நிற்கும் நிலத்தை வைத்திருப்பவரும், வாங்குபவரும், விற்பவரும் தெரிந்திருக்கவேண்டிய சில செய்திகளை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவையாகும். 1877-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில் இதன் விதைகள் முதன்முதலாக ஊன்றப்பட்டன. மழை இல்லாத பூமியில் விறகுக்கு வழி தேடியே இதனைக் கொண்டுவந்தார்கள். அந்த நோக்கம் நிறைவேறவில்லை என்று சொல்லுவதற்கில்லை. உவர் மண்ணிலும் தண்ணீரற்ற தரிசிலும் வேறு மரம் நிற்காத இடத்தில் இது நின்றது. ஏழைகளின் அடுப்பை எரித்தது. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை வட்டாரங்களில் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இன்றும் சோறு போடுகிறது. குஜராத்தின் கட்சுப் பகுதியில் பன்னி என்னும் பெரும் புல்வெளி உண்டு. அங்கும் 1960-ஆம் ஆண்டையொட்டி உவர் பரவுவதைத் தடுக்கவென்றே இதனை விதைத்தார்கள். இன்று அங்குள்ள மாடு மேய்ப்போர் இதனைக் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக் கருவேல் என்று அழைக்கிறார்கள். அளவில்லாமல் பரவி மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டதால் வந்த பெயர் அது.

அது பரவும் விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்; ஏனெனில் மற்ற எல்லாம் இதிலிருந்தே விளங்கும். இதன் நெற்று இனிப்பானது. பெரும்பாலும் கோடையில், மேய்ச்சல் வற்றிய சமயத்தில், அது முற்றி உதிர்கிறது. ஆடும் மாடும் அதனை ஆவலுடன் தின்கின்றன. சதைப்பற்று ஜீரணமாகிவிடுகிறது, கெட்டியான தோடு கொண்ட விதையோ பெரும்பாலும் சேதமின்றிச் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வருகிறது. குடலில் ஊறியதால் அதன் தோடு இளகி, முன்னிலும் விரைவாக முளைக்கிறது. எருவும் கூடவே இருக்கிறது. ஆட்டுக் கிடை போட்ட வயலில் அடுத்த மழைக்கு வேலிகாத்தான் முளைப்பதன் காரணம் இதுவே. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்துவிடுவதும் இல்லை. பல விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பின்னர் ஒரு மழையில் எழுகின்றன.

இனி வேர். இதன் இனத்தைச் சேர்ந்த மரமொன்றின் வேர், அமெரிக்காவிலுள்ள அரிசோனாவில் சுரங்கம் வெட்டியபோது ஐம்பது மீட்டருக்கும் கீழே காணப்பட்டது. எல்லா மரமும் அவ்வளவு ஆழம் போகும் என்பதில்லை. நிலம் வைத்திருப்பவர் கவனிக்கவேண்டியது அடிவேரையும் அன்று. வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்தைத்தான். தூங்கும் மொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. மரத்தைத் தரை மட்டத்தில் வெட்டினால் அம்மொட்டுகள் விழித்துக்கொண்டு, ஒரு தண்டு நின்ற இடத்தில் எட்டுப் பத்துத் தண்டுகளை எழுப்புகின்றன. அரிவாள் இம்மரத்தை அழிப்பதில்லை. பெருக்குகிறது என்றே சொல்லவேண்டும். வேர்க்கழுத்துக்குக் கீழே, சுமார் ஓர் அடி முதல் ஒன்றரை அடி ஆழத்தில், தூரோடு பெயர்த்தெடுத்தால் மட்டுமே அந்த மரத்தின் கதை முடிகிறது.

இம்மரத்தைப் பற்றி ஊரில் உலவும் பேச்செல்லாம் மெய்யன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையை விரட்டுகிறது, இதன் நிழலில் படுத்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லுவோர் உண்டு. இவற்றை நம்பிப் பீதியடையத் தேவையில்லை. இது பூமிக்கடியிலுள்ள நீரைக் குடிக்கும் மரம். நெருங்கி அடர்ந்து வளர்ந்து வேறு பயிரையும் புல்லையும் வளரவொட்டாமல் செய்யும் மரம். கண்மாயிலும் வாய்க்காலிலும் மண்டி நீரோட்டத்தை மறிக்கும் மரம். இதனை அகற்ற இந்தக் குற்றங்களே போதும்.

அகற்றுமுன் மரத்தை அடையாளம் கண்டுகொள்ளுதல் அவசியம். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டையாக இருக்கும். அதன் காய் மணிமாலை போல விதைக்கு விதை இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ, பூனை வால் போல நீண்ட கதிராகத் தொங்கும். நெற்று இறுக்கமின்றி நீண்டு, முற்றியதும் வைக்கோல் நிறமடையும். வன்னி இதற்கு உறவான மரமே எனினும் நம் நாட்டு மரம். கோயில்களில் தல விருட்சமாகப் போற்றப்படுவது. வன்னியின் சிறு முட்கள் கிளை நெடுகச் சிதறியிருக்கும். சீமைக் கருவேலத்தின் முட்கள் கணுவுக்குக் கணு பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். இயந்திரம் ஓட்டுபவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். வெட்டக்கூடாத மரங்களுக்கு முதல் நாளே சுண்ணாம்பு பூசிவைப்பது நல்லது.

சொந்த நிலத்தில் மரம் நிற்குமானால் நெற்று உதிருமுன்பே வேலையைத் தொடங்கவேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தூர் எளிதில் பெயரும். காய்ந்த களிமண்ணில் அதே வேலைக்கு இரு மடங்கு நேரமாகும். மணிக் கணக்கில் வாடகை கொடுத்து இயந்திரம் அமர்த்துவோருக்கு இது சிறிய விஷயமன்று. பெயர்த்த தூரைக் குழியிலேயே தள்ளி மூடக் கூடாது. விறகுக்கும் கரிக்கும் அதற்கு விலை உண்டு. அடர்ந்த தோப்பாயின் அகற்றும் செலவில் ஒரு பங்கை அதுவே ஈடுகட்டும். பிறகு ஆழ உழுது வேர்த் துண்டுகளைப் பொறுக்கவேண்டும். அடுத்தடுத்த மழைகளுக்குப் பின் முளைக்கும் கன்றுகளை, ஒரு சாண் உயரம் தாண்டுமுன் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஈர மண்ணில் இது சிறுவர்களும் செய்யக்கூடிய வேலை. ஒரு பருவம் தவறவிட்டால் மறு பருவத்தில் கடப்பாரை தேவைப்படும். இரண்டு பருவம் தவறவிட்டால் மறுபடியும் இயந்திரம்தான். அகற்றிய நிலத்தை வெறுமனே போடுவதும் தவறு. பயிரோ, புல்லோ, வேம்பு, புங்கம், பனை போன்ற மரமோ அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டும். தூரில் கழிவு எண்ணெயை ஊற்றி எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் மண்ணும் பக்கத்துக் கிணறும் கெடுகின்றனவேயன்றி, மண்ணுக்கடியிலுள்ள மொட்டுகள் எல்லாம் சாவதில்லை.

சப்பாத்திக் கள்ளியைப் பூச்சி விட்டு ஒழித்தது போல இதற்கும் ஒரு பூச்சி வாராதா என்று மூத்த விவசாயிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதில் பூச்சி, தென்னாட்டில் பல்லாயிரம் ஏக்கரைப் பிடித்திருந்த கள்ளியைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது உண்மை. சீமைக் கருவேலத்துக்கு நம் நாட்டில் அவ்வளவு சுலபமான மருந்து வாய்க்கவில்லை. மண்வெட்டியையும் இயந்திரத்தையுமே நம்பவேண்டியிருக்கிறது.

வாங்குபவருக்கு இப்போது வருவோம். மரம் நிற்கும் நிலத்தைவிட, மரம் நின்று மறைந்த நிலமே அபாயமானது. நிற்கும் மரத்தை எண்ணலாம். அகற்றும் செலவை இயந்திரக்காரரிடம் கேட்டு விலையில் குறைத்துப் பேசலாம். வெட்டிச் சமன்செய்து செம்மண் பரப்பிய நிலத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆகையால் கோடையில் பார்த்த நிலத்தை மழைக்குப் பின்னும் ஒரு முறை பார்க்காமல் கிரயம் முடிக்கவேண்டாம் என்பதே நம்முடைய அபிப்பிராயம். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதென்றால், விற்பவரின் சம்மதத்துடன் நாலைந்து இடங்களில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்க்கலாம். நேர்மையாக விற்பவர் இதற்குத் தடை சொல்லமாட்டார். அவ்வழியே ஆடு மேய்ப்பவரை விசாரித்தால், அங்கே முன்பு என்ன நின்றது என்று பத்திரத்தில் இல்லாத சரித்திரத்தையும் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் பழக்கமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கூகுள் எர்த்தில் அந்நிலத்தின் பழைய வருடத்துப் படங்களைப் பார்க்கச் சொல்லலாம். விண்ணிலிருந்து எடுத்த படத்தில் கருவேலந்தோப்பு கரும்பச்சைத் திட்டாகத் தெரியும்.

துளிர் கண்டால் அது எவ்வகை என்றும் பார்க்கவேண்டும். ஒற்றைத் தண்டாக, மெலிந்து நின்றால் பெரும்பாலும் விதைக் கன்று, பிடுங்கினால் வந்துவிடும். ஓரிடத்திலிருந்து பல தண்டுகள் செழித்துக் கிளம்பினால் அடியில் பழைய தூர் இருக்கிறதென்று அறியலாம்.

வீடு கட்டுவதற்கென்று வாங்குவோர் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். அஸ்திவாரத்துக்குக் கீழே மூடப்பட்ட தூர் நாளடைவில் மக்கிக் குழிவிழும். கறையானுக்கும் அது விருந்து. கரிசல் மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுவருக்கு அருகில் நிற்கும் மரம் மண்ணின் ஈரத்தை இழுப்பதால் களி சுருங்குகிறது. மரத்தை அகற்றியபின் மழையில் அதே மண் ஊறி உப்புகிறது. இரண்டினாலும் சுவர் வெடிக்கலாம். ஆகவே கரிசல் பூமியில் மரத்தை அகற்றியதும் அவசரமாக அஸ்திவாரம் போடாமல், ஒரு மழைக்காலம் விட்டுப் பொறியாளரின் யோசனைப்படி ஆழம் நிர்ணயிப்பது உத்தமம். கட்டிய வீட்டை வாங்குபவர் கொல்லைப்புறத்தையும், சுற்றுச்சுவரின் அடியையும், கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்தையும் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க இயலாத முக்கியக் குறை சொத்தில் இருக்குமானால், அதனை விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்று விதிக்கிறது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்கவேண்டும். கண்ணெதிரே நிற்கும் மரத்தை ‘நான் பார்க்கவில்லை’ என்று பின்னர் சொல்ல முடியாது. மூடி மறைத்த தூர் அத்தகைய குறைதானா என்பது சாட்சியத்தையும் சந்தர்ப்பத்தையும் பொறுத்தது. வழக்காடி நிரூபிப்பதைவிட முன்னதாக எழுதி வாங்குவது எளிது. கிரய உடன்படிக்கையில் ஏறத்தாழப் பின்வருமாறு ஒரு வாசகம் சேர்க்கும்படி பத்திர எழுத்தரையோ வக்கீலையோ கேட்டுக்கொள்ளலாம்:

“தபசிலில் கண்ட சொத்தில் முன்னர் இருந்த சீமைக் கருவேல மரங்கள் யாவும் தூரும் வேரும் உட்பட அகற்றப்பட்டுள்ளன என்றும், அடிமரம் எதுவும் மண்ணுக்குள் விட்டு மூடப்படவில்லை என்றும் எழுதிக்கொடுப்பவர் உறுதி கூறுகிறார். கிரய நாள் முதல் ஓராண்டுக்குள் பழைய தூரிலிருந்து துளிர் கண்டால், அதனைத் தோண்டி அகற்றும் செலவு எழுதிக்கொடுப்பவரைச் சார்ந்தது.”

மரங்கள் யாருக்கு என்பதையும் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். வேறு ஏற்பாடு இல்லாவிடில் பூமியோடு பிணைந்தவை பூமியோடு வாங்குபவருக்குச் சேரும். விறகை விற்பவரே எடுத்துக்கொள்வதானால் கிரயத்துக்கு முன் எடுக்கவேண்டும். தூரையும் சேர்த்தே எடுக்கவேண்டும். மேல்மரத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டு அடிமரத்தை வாங்குபவர் தலையில் கட்டுவது முறையாகாது.

விற்பவர்களில் சிலர், உண்மையைச் சொன்னால் விலை குறையுமே என்று அஞ்சுகிறார்கள். பிரிட்டனில் ‘ஜப்பானிய நாட்வீட்’ என்றொரு செடி இருக்கிறது. தோட்ட அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. விரல்நுனி அளவுள்ள கிழங்குத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். அங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு விற்பவர் நிரப்பிக்கொடுக்கும் படிவத்தில், இச்செடி உண்டா என்று ஒரு கேள்வியே அச்சாகியிருக்கிறது. பொய்ப் பதில் எழுதியவர்கள் பின்னர் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்திருக்கிறது. செடி இருக்கிறதென்று எழுதி, அதனை ஒழிக்கும் ஏற்பாட்டையும் காட்டுபவரின் வீடு விலைபோகிறது. கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களும் அந்த ஏற்பாட்டைப் பார்த்தே கடன் கொடுக்கின்றன. நம் நாட்டில் அத்தகைய படிவம் இல்லை. ஆயினும், எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் இயந்திரம் ஓடியது, தூர் எங்கே போயிற்று என்பதற்கு ரசீதும் நான்கு புகைப்படங்களும் வைத்திருக்கும் விவசாயியின் நிலத்தைத் தயக்கமின்றி வாங்குவார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஒருவர் தம் நிலத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், பக்கத்துப் புறம்போக்கில் நெற்று உதிர்ந்துகொண்டிருந்தால் பயன் குறைவு. புறம்போக்கு மரத்தை அனுமதியின்றி அவரே வெட்டவும் கூடாது. பஞ்சாயத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ எழுதிக் கொடுக்கவேண்டும். தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அதில் சீமைக் கருவேலத்துக்கும் இடம் உண்டு. ஊர்க் கண்மாய், வாய்க்கால், பட்டா நிலம் மூன்றிலும் ஒரே பருவத்தில் வேலை நடக்கும்படி கிராம சபையில் பேசி முடிவெடுத்தால், ஆடு சுமந்து வரும் விதையும் அவ்வளவுக்குக் குறையும். கரி மூட்டக்காரர்களை அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்வது அவசியம். அவர்களுடைய பிழைப்பு இம்மரத்தில் இருக்கிறது. அகற்றும் வேலையும் மரமும் முதலில் அவர்களுக்குக் கிடைப்பதே நியாயம்.

புறம்போக்கு மரத்தை ஏலம் விடும் முறையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. ஏலம் எடுப்பவருக்கு வேண்டியது விறகு. ஊருக்கு வேண்டியதோ தூர் போவது. வெறுமனே ‘மரம் வெட்டிக்கொள்ள’ என்று ஏலம் விட்டால், அவர் தரை மட்டத்தில் வெட்டிக்கொண்டு போகிறார். சில ஆண்டுகளில் அதே இடத்தில் முன்னிலும் அடர்ந்து வளர்ந்ததை அவரே மறுபடியும் ஏலம் எடுக்கிறார். பஞ்சாயத்துக்குச் சிறிது வருமானம் வருகிறது. கண்மாய் அப்படியே கிடக்கிறது. ஆகவே ஏல நிபந்தனையில் ‘தூரோடு பெயர்த்து அப்புறப்படுத்தி, குழியைச் சமன்செய்து ஒப்படைக்கவேண்டும்’ என்று எழுதவேண்டும். அதற்காக ஏலத்தொகை சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. வைப்புத்தொகை ஒன்றையும் வாங்கிவைத்து, அடுத்த மழைக்காலம் முடிந்து, அங்கத்தினர்கள் நேரில் நடந்து பார்த்து, துளிர் இல்லையென்று கையெழுத்திட்ட பிறகே அதனைத் திருப்பித் தரவேண்டும்.